டென்மார்க் ஏன் இரண்டு கடையிலும் வாங்கியது?

2025 செப்டம்பரில் டென்மார்க் தன் வரலாற்றிலேயே பெரிய ஆயுதக் கொள்முதலை அறிவித்தது. மொத்தம் சுமார் 5,800 கோடி குரோனர். தொலைதூர வான் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் பேட்ரியாட்டை ஒதுக்கிவிட்டு, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து தயாரிக்கும் சாம்ப்-டி அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள கிரீன்லாந்தைக் கொடு என்று டிரம்ப் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. டென்மார்க் அமெரிக்காவைக் கைகழுவிவிட்டது என்றுதான் செய்தி படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அடுத்த மாதமே அதே அரசு அமெரிக்காவிடம் இன்னும் 16 எஃப்-35 போர் விமானங்கள் வாங்கப்போவதாகச் சொன்னது. முன்பு கேட்டிருந்த 27-உடன் சேர்த்து 43.

உக்ரைன் போர்ச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஒரு நாள் ஐரோப்பியத் தலைவர்கள் "சொந்தக் காலில் நிற்போம்" என்கிறார்கள். மறுநாள் வெள்ளை மாளிகையில் வரிசையாக உட்கார்ந்து நன்றி சொல்கிறார்கள். எது நிஜம்? இரண்டுமே நிஜம், இரண்டும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள் என்பது என் கணிப்பு. அது புரிய, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

ஐந்தாவது பிரிவில் எழுதியிருப்பது என்ன?

நேட்டோ என்பது அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி, 1949-இல் கையெழுத்தான ஒப்பந்தம். அதன் ஐந்தாவது பிரிவைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது: ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகப் பொருள். சரிதான். ஆனால் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை. தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ, ஒவ்வொரு நாடும் 'தனக்குத் தேவை என்று தோன்றும் நடவடிக்கையை' எடுக்கும் என்றுதான் அங்கே இருக்கிறது. படை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. கண்டன அறிக்கை ஒன்றை வெளியிட்டுவிட்டு, கடமை முடிந்தது என்றுகூட ஒரு நாடு வாதாடலாம்.

அப்படியானால் இந்தக் கூட்டணி எழுபது ஆண்டுக்கு மேல் எப்படி வேலை செய்தது? எதிரி மனத்தில் இருந்த கணக்கால். கை வைத்தால் அமெரிக்கா வரும் என்று மாஸ்கோ நம்பியது. அந்த நம்பிக்கைதான் உண்மையான ஆயுதம். இந்தப் பிரிவு இதுவரை பயன்பட்டது ஒரே ஒரு தடவை: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. அப்போது ஆப்கானிஸ்தானுக்குப் போய் உயிர்விட்ட டென்மார்க் வீரர்கள் மட்டும் 40-க்கும் மேல். இதை டென்மார்க் மக்கள் மறக்கவில்லை.

இனி இந்த இடத்தில் 'என்ன செய்வார் என்று சொல்ல முடியாத' ஒருவரை வைத்துப் பாருங்கள். 2025 ஜூனில், நேட்டோ மாநாட்டுக்குப் போகும் வழியில், ஐந்தாவது பிரிவுக்குக் கட்டுப்படுவீர்களா என்று நிருபர்கள் டிரம்பிடம் கேட்டார்கள். அதற்கு எந்த விளக்கத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். மறுநாள் மாநாட்டில் கூட்டணிக்கு ஆதரவாகப் பேசினார். எதிரி என்று தெரிந்துவிட்டால் ஒரு வழி பார்த்துக்கொள்ளலாம். நண்பன் என்று உறுதியானாலும் பிரச்சினை இல்லை. இரண்டும் இல்லாதபோது ஒவ்வொரு முடிவையும் இரண்டு விதமாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது, செலவும் இரண்டு மடங்காகிறது.

அமெரிக்கா நேட்டோவை விட்டு வெளியேறிவிடுமோ என்பது வேறு கேள்வி, அது அவ்வளவு சுலபம் இல்லை. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ நாடாளுமன்றச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலக முடியாது என்று 2023 டிசம்பரில் அங்கே சட்டமே போட்டுவிட்டார்கள். ஆனால் நம்பிக்கையைக் குலைக்க விலக வேண்டிய அவசியம் இல்லையே.

ஒரு வாரம் கண்ணைக் கட்டியபோது

2025-இன் தொடக்க வாரங்களில் நடந்தவற்றைச் சுருக்கமாக:

1. பிப்ரவரி 12: டிரம்ப் புதினுடன் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசினார். அடுத்த வாரமே ரியாத்தில் அமெரிக்க, ரஷ்ய அமைச்சர்கள் உட்கார்ந்து பேசினார்கள். உக்ரைனும் அங்கே இல்லை, ஐரோப்பாவும் இல்லை.

2. பிப்ரவரி 24: ஐ.நா. பொதுச்சபையில் உக்ரைனும் ஐரோப்பாவும் கொண்டுவந்த தீர்மானத்தை அமெரிக்கா எதிர்த்து வாக்களித்தது. எதிர்த்தவர் பட்டியலில் ரஷ்யா, வடகொரியா, பெலாரஸ் எல்லாரும் பக்கத்தில். (இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.)

3. பிப்ரவரி 28: வெள்ளை மாளிகையில், கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, ஜெலன்ஸ்கியுடன் டிரம்பும் துணை அதிபர் வான்ஸும் வாக்குவாதம் செய்தார்கள். நன்றி சொன்னீர்களா என்று வான்ஸ் கேட்டதை உலகமே பார்த்தது.

4. மார்ச் 3: ராணுவ உதவி நிறுத்தம். மார்ச் 5: உளவுத் தகவல் பகிர்வும் நிறுத்தம்.

இந்த நாலாவதுதான் ஐரோப்பியத் தலைநகரங்களில் தூக்கத்தைக் கெடுத்தது. வாய்ச்சண்டையை ராஜதந்திரிகள் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் மார்ச் 7 அன்று மாக்ஸார் என்ற அமெரிக்க செயற்கைக்கோள் நிறுவனம் ஒரு விஷயத்தை உறுதி செய்தது. அமெரிக்க அரசு நடத்தும் படப் பகிர்வுத் தளத்தில் உக்ரைன் பயனாளர்களின் கணக்குகள் அரசின் முடிவுப்படி முடக்கப்பட்டுவிட்டன. நேற்றுவரை எதிரியின் டாங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்த திரை இன்று திறக்கவில்லை. குண்டு இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, ஆள் இருக்கிறான், கண் மட்டும் இல்லை. அதே நாட்களில்தான் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் உக்ரைன் பிடித்துவைத்திருந்த சூட்ஜா நகரம் கைவிட்டுப் போனது. உளவு நின்றதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அங்கே உக்ரைன் படை ஏற்கனவே திணறிக்கொண்டிருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த வார்சாவுக்கும் பெர்லினுக்கும் அந்த நுணுக்கம் முக்கியமில்லை. இதே சுவிட்ச் நம் வீட்டுக்கும் இருக்கிறதே என்றுதான் அவர்களுக்கு உறைத்தது.

மார்ச் 11-இல் அமெரிக்காவும் உக்ரைனும் சவுதியின் ஜெட்டாவில் பேசிய பிறகு எல்லாம் திரும்ப வந்தது. அப்புறம் ஜூலைத் தொடக்கத்தில் சில ஏவுகணைகளை அனுப்புவது மறுபடி நின்று, சில நாட்களில் மறுபடி தொடங்கியது.

சுவிட்ச் எங்கெல்லாம் இருக்கிறது?

எஃப்-35 விமானத்தில் ஒரு ரகசிய பொத்தான் இருக்கிறது, வாஷிங்டனில் அழுத்தினால் விமானம் விழுந்துவிடும் என்று ஒரு பேச்சு அந்த மார்ச்சில் பரவியது. அப்படி ஒரு பொத்தான் இருப்பதற்குச் சான்று இல்லை. பொத்தான் தேவையும் இல்லை என்பதுதான் விஷயம்.

அந்த விமானத்தின் பலமே அதற்குள் ஏற்றப்படும் தரவுக் கோப்பில் இருக்கிறது. எந்த ரேடார் எந்த அலைவரிசையில் பேசும், எது நண்பனுடையது, எது எதிரியுடையது, எதைச் சுற்றிப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் உண்டு. இந்த வேலையின் மையம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள எக்லின் விமானப்படைத் தளம். எதிரி புது ரேடார் கொண்டுவந்தால் கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் விமானம் பறக்கும், ஆனால் மாதங்கள் போகப்போக அதன் பார்வை மங்கும். உதிரி பாகங்களும் பொது இருப்பிலிருந்துதான் வர வேண்டும். 2025 மார்ச்சில் போர்த்துகல் பாதுகாப்பு அமைச்சர், எஃப்-35 வாங்குவதை யோசிக்க வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னபோது, விமானத்தில் குறை சொல்லவில்லை. கூட்டாளியின் நடத்தையை முன்கூட்டிச் சொல்ல முடிய வேண்டும் என்றார். கனடா தன் 88 விமான ஒப்பந்தத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தது. ஸ்பெயின் ஆகஸ்டில் எஃப்-35 வேண்டாம் என்றே முடிவு செய்தது.

ஏவுகணையில் சிக்கல் வேறு மாதிரி. பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுக்கும் பேட்ரியாட்டுக்கு ஐரோப்பாவில் முழு மாற்று இன்னும் இல்லை. சாம்ப்-டி ஓரளவு செய்யும், எண்ணிக்கை போதாது. அமெரிக்காவே தயாரிக்கும் அளவும் குறைவு, அதனால் வரிசை நீளம். ஐந்து பேட்ரியாட்டுக்குப் பணம் கட்டத் தொடங்கிவிட்ட சுவிட்சர்லாந்திடம், உக்ரைனுக்கு முன்னுரிமை என்பதால் உங்களுடையது தாமதமாகும் என்று 2025 ஜூலையில் சொன்னார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் வரிசையில் யார் எங்கே நிற்பது என்பதை விற்பவரே தீர்மானிக்கிறார் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

பெட்டியில் இருக்கும் பணம்

எல்லோரும் விமானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், ஐரோப்பா இந்தப் போரில் அமெரிக்காவிடமிருந்து நிஜமாகவே ஓர் அடி தள்ளி நின்ற தருணம் ஆயுதக் கடையில் நடக்கவில்லை. பிரஸ்ஸல்ஸில், சட்டப் புத்தகத்தின் ஒரு மூலையில் நடந்தது.

2022-இல் போர் தொடங்கியதும் ரஷ்ய மத்திய வங்கியின் சொத்துகள் முடக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் சுமார் 21,000 கோடி யூரோ. அதில் பெரும்பகுதி இருப்பது யூரோகிளியர் என்ற பெல்ஜிய நிறுவனத்தில். பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வைத்துப் பாதுகாக்கும் இடம் அது, நாடுகளுக்கான லாக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த லாக்கரின் பூட்டில் ஒரு கோளாறு இருந்தது. முடக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், 27 நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹங்கேரி மாதிரி ஒரே ஒரு நாடு கையெழுத்துப் போட மறுத்தால் போதும், பணம் மாஸ்கோவுக்குத் திரும்பிவிடும். அந்த ஒரு நாட்டை யார் வேண்டுமானாலும் தூண்டலாம்.

2025 நவம்பரில் அமெரிக்கா முன்வைத்த 28 அம்ச அமைதித் திட்டம் வெளியே கசிந்தது. உக்ரைன் படைக்கு 6 லட்சம் பேர் என்ற வரம்பு, நேட்டோவில் சேர மாட்டோம் என்று உக்ரைன் அரசியலமைப்பிலேயே எழுதுவது, இவை தலைப்புச் செய்தி ஆயின. உள்ளே இன்னொரு அம்சம் இருந்தது: முடக்கப்பட்ட ரஷ்யப் பணத்தில் 10,000 கோடி டாலர் அமெரிக்கா தலைமையிலான மறுகட்டுமானத்தில் முதலீடு செய்யப்படும், லாபத்தில் பாதி அமெரிக்காவுக்கு. ஐரோப்பா தன் பங்குக்கு இன்னொரு 10,000 கோடி போட வேண்டும். பணம் இருப்பது பெருமளவு பெல்ஜியத்தில், பேரம் நடப்பது வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

டிசம்பர் 12 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தன் ஒப்பந்தத்தில் நெருக்கடி நேரத்துக்கென இருக்கும் 122-ஆவது பிரிவை எடுத்துப் பயன்படுத்தியது. அந்தப் பிரிவின் கீழ் எல்லாரும் சம்மதிக்கத் தேவையில்லை, பெரும்பான்மை போதும். ஹங்கேரியும் ஸ்லோவாகியாவும் எதிர்த்தும் முடக்கம் காலவரையற்றதாக ஆனது. விளைவு என்ன? அமைதிப் பேச்சின் மிகப் பெரிய துருப்புச்சீட்டு ஒன்று மேசையிலிருந்து எடுக்கப்பட்டு ஐரோப்பாவின் சட்டைப்பைக்குப் போனது. இனி யார் ஒப்பந்தம் பேசினாலும் அந்தப் பணத்துக்கு ஐரோப்பாவைக் கேட்டாக வேண்டும். அமெரிக்காவைக் கண்டித்து ஒரு வார்த்தை இல்லை, அறிக்கை முழுக்க ரஷ்யாவைப் பற்றியதுதான்.

அந்தப் பணத்தை அடமானமாக வைத்து உக்ரைனுக்குக் கடன் கொடுக்கும் திட்டம் மட்டும் அதே மாதம் தோற்றது. நாளை வழக்கு வந்தால் எங்கள் தலையில் விடியும் என்று பெல்ஜியம் பயந்தது, அளவில்லாத உத்தரவாதம் கேட்டது. கடைசியில் ஐரோப்பிய ஒன்றியமே சந்தையில் கடன் வாங்கி இரண்டு ஆண்டுக்கு 9,000 கோடி யூரோ தருவது என்று முடிவானது.

பிறகு ஏன் இத்தனை கும்பிடு?

2025 ஆகஸ்டு 15-இல் அலாஸ்காவில் டிரம்பும் புதினும் சந்தித்தார்கள். மூன்றே நாளில், ஆகஸ்டு 18 அன்று, ஜெலன்ஸ்கியுடன் ஏழு ஐரோப்பியத் தலைவர்கள் வாஷிங்டனில் வந்து இறங்கினார்கள். பிரிட்டனின் ஸ்டார்மர், பிரான்சின் மக்ரோன், ஜெர்மனியின் மெர்ஸ், இத்தாலியின் மெலோனி, ஃபின்லாந்தின் ஸ்டப், ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஃபான் டெர் லெயன், நேட்டோ பொதுச்செயலாளர் ரூட்டே. பிப்ரவரியில் ஏன் கோட்-சூட் போடவில்லை என்று ஒரு நிருபர் கேட்டுச் சீண்டிய அதே அறையில், இந்த முறை ஜெலன்ஸ்கி கறுப்பு ஜாக்கெட்டில் இருந்தார். டிரம்பின் மனைவி மெலனியாவுக்குத் தன் மனைவி எழுதிய கடிதத்தைக் கொடுத்தார். நன்றி என்ற சொல்லைத் தொடக்கத்திலேயே பல தடவை சொல்லிவிட்டார்.

சிலருக்கு இது அசிங்கமாகப் பட்டது. கணக்காகப் பாருங்கள்:

1. ஜெர்மனி பாதுகாப்புச் செலவுக்காகத் தன் அரசியலமைப்பிலுள்ள கடன் வரம்பைத் தளர்த்தியது 2025 மார்ச்சில். ஐரோப்பிய ஒன்றியம் 15,000 கோடி யூரோ ஆயுதக் கடன் திட்டத்தை ஏற்றது மே மாதம். பொருளின் மதிப்பில் 65 சதவீதமாவது ஐரோப்பாவிலோ உக்ரைனிலோ செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

2. அந்தப் பணம் தொழிற்சாலையாகி, தொழிற்சாலையிலிருந்து ஏவுகணை வெளியே வர ஆண்டுகள் பிடிக்கும்.

3. உக்ரைன் நகரங்கள்மேல் ஏவுகணை விழுவது இன்றைக்கு இரவு.

மூன்றுக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளிக்குத்தான் கும்பிடு. அமெரிக்கா இலவசமாகத் தருவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டதால், ஜூலையில் ஒரு புது ஏற்பாடு வந்தது. உக்ரைனுக்குத் தேவையான அமெரிக்க ஆயுதங்களைச் சுமார் 50 கோடி டாலர் பொட்டலங்களாகக் கட்டி, மற்ற நேட்டோ நாடுகள் காசு கொடுத்து வாங்கித் தரும். நெதர்லாந்து முதல் ஆளாகப் பணம் போட்டது. டிரம்புக்கு வியாபாரம், உக்ரைனுக்குப் பேட்ரியாட் குண்டு, ஐரோப்பாவுக்கு நேரம்.

ஜூனில் ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில் 2035-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் செலவிடுவோம் என்று ஒப்புக்கொண்டதும் இதே வகை. டிரம்ப் அதைத் தன் வெற்றி என்று கொண்டாடினார். அந்தப் பணத்தில் எவ்வளவு அமெரிக்கக் கடைக்குப் போகும், எவ்வளவு உள்ளூர்க் கடைக்குப் போகும் என்பதைப் பற்றி உறுதிமொழியில் ஒன்றும் இல்லை.

(வரியும் இந்தப் போரில் ஒரு ஆயுதம்தான். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இந்தியாமேல் டிரம்ப் போட்ட கூடுதல் 25 சதவீத வரி 2025 ஆகஸ்டு 27-இல் அமலுக்கு வந்து மொத்தம் 50 ஆனது. திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

ஒரே அடி, இரண்டு பாடம்

இப்படி நடப்பது முதல் தடவை அல்ல. 1956-இல் எகிப்து சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியதும் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து படையெடுத்தன. அமெரிக்கா ஆதரிக்கும், குறைந்தபட்சம் கண்டுகொள்ளாது என்று நினைத்தார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் எதிர்த்தார். பவுண்டு சரிந்துகொண்டிருந்தது. சர்வதேச நிதியத்தின் உதவி வேண்டுமானால் சண்டையை நிறுத்து என்று நெருக்கினார். பிரிட்டன் நிறுத்தியது, பிரான்சும் வேறு வழியின்றி நிறுத்தியது.

பிரிட்டன் எடுத்த பாடம்: இனி அமெரிக்காவை மீறி எதையும் செய்யாதே, பக்கத்திலேயே இரு. 1958-இல் அணு ஒப்பந்தம், பிறகு அமெரிக்க ஏவுகணைகள். இன்றும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் இருக்கும் டிரைடென்ட் ஏவுகணை அமெரிக்காவுடையதுதான், குண்டுமுனை மட்டும் சொந்தம். பிரான்ஸ் எடுத்த பாடம் நேர் எதிர்: உயிர்போகும் விஷயத்தில் அடுத்தவனை நம்பாதே. 1960-இல் சஹாராவில் சொந்த அணுகுண்டைச் சோதித்தது. 1966-இல் நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து வெளியேறியது, 2009-இல்தான் திரும்பியது.

ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், இந்த இரண்டு நாடுகளும் தங்கள் அணு ஆயுதங்களை ஒருங்கிணைக்கலாம் என்று லண்டனுக்கு அருகே நார்த்வுட்டில் கையெழுத்திட்டன. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், அமெரிக்க அணுகுண்டைச் சுமக்கக்கூடிய 12 எஃப்-35 விமானங்களை வாங்குவதாகப் பிரிட்டன் சொல்லியிருந்தது. டென்மார்க் செய்ததையே இங்கே பெரிய அளவில் பார்க்கலாம்.

எங்கே இடிக்கிறது?

விலகல் சுமுகமாக நடக்கிறது என்று நினைத்தால் தப்பு. ஐரோப்பிய ஆயுதக் கடன் திட்டத்தில் பிரிட்டனைச் சேர்க்கும் பேச்சு, எவ்வளவு நுழைவுக் கட்டணம் என்ற சண்டையில் 2025 நவம்பரில் முறிந்தது. வீடு எரியும்போது வாளிக்கு வாடகை பேசிய கதை. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் கனடா உள்ளே வந்துவிட்டது.

கண் விஷயத்தில் முன்னேற்றம் இருக்கிறது என்கிறார்கள். உக்ரைனுக்குப் போகும் உளவுத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கை இப்போது பிரான்சே தருகிறது என்று 2026 ஜனவரியில் மக்ரோன் சொன்னார். உளவுத் தகவலை எந்தத் தராசில் நிறுத்தார் என்று தெரியவில்லை. ஏவுகணை கிளம்பியதும் எச்சரிக்கும் செயற்கைக்கோள்களில் ஐரோப்பா இன்னும் அமெரிக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெரிய இடி இன்னொன்று. போர் நின்றால் உக்ரைனில் படை நிறுத்துவோம் என்று 2026 ஜனவரி 6 அன்று பாரிஸில் பிரிட்டனும் பிரான்சும் உக்ரைனுடன் கையெழுத்திட்டன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படைமேல் ரஷ்யா கைவைத்தால் பின்னால் அமெரிக்கா இருக்க வேண்டும் என்பது லண்டன் முதலிலிருந்தே சொல்லிவருவது. அமெரிக்காவைச் சாராமல் உக்ரைனைக் காக்கும் திட்டத்துக்கு அமெரிக்க உத்தரவாதம் தேவைப்படுகிறது.

இதற்கெல்லாம் நடுவில் கிரீன்லாந்து திரும்ப வந்தது. 2025 டிசம்பரில் டென்மார்க் ராணுவ உளவுத்துறையின் ஆண்டறிக்கை, அமெரிக்காவின் நடத்தையையும் கவலைக்குரியவற்றில் ஒன்றாக முதன்முதலில் குறிப்பிட்டது. ஜனவரியில் சில ஐரோப்பிய நாடுகள் சிறு எண்ணிக்கையில் வீரர்களைக் கிரீன்லாந்துக்கு அனுப்பின. ஜனவரி 17 அன்று டிரம்ப், டென்மார்க் உட்பட எட்டு நாடுகள்மேல் 10 சதவீத வரி என்று மிரட்டினார். நாலே நாளில், டாவோஸில் ரூட்டேயைச் சந்தித்த பிறகு, வரி இல்லை என்றார்.

அந்த மிரட்டலுக்கு ஒட்டிய நாட்களில் கிரீன்லாந்தின் தென்கிழக்கு வானில் ஒரு பயிற்சி நடந்தது. டென்மார்க்கிலிருந்து இரண்டு எஃப்-35 கிளம்பிப் போயின, அமெரிக்காவில் செய்தவை. அவ்வளவு தூரம் பறக்க நடுவானில் எரிபொருள் நிரப்ப வேண்டும். குழாயோடு வந்து நின்றது பிரெஞ்சு விமானப்படையின் டேங்கர் விமானம்.